மலையேறும் மாப்பிள்ளைக்கு

மாப்ள, உக்காருங்க. மூட்டையை அப்புறம் கட்டிக்கலாம். நாளைக்கு விடியக்காலையில நீங்களும் ஆபீஸ் சிநேகிதங்களும் இந்த சிட்னி பக்கத்துப் புளூ மவுண்டன்ஸ் போறீங்களாம், பேத்தி சொன்னா. கட்டூம்பாவுல இறங்கி, ஜேமிசன் பள்ளத்தாக்குல நடந்து, எதிர்க்கத் தனியா நிக்கிற மவுண்ட் சாலிட்டரியில ராத்தங்கி, மறுநாள் திரும்புறதா ஏற்பாடாம். கேக்கவே நல்லா இருக்கு. டூங்காபி வீட்டுலேருந்து வென்ட்வொர்த்வில் மளிகைக் கடைக்கு, போன்ல அந்தப் பொண்ணு வலது பக்கம் திரும்புன்னு சொல்லாம வண்டியைத் திருப்ப மாட்டீங்க நீங்க. அவ சொல்லைத் தட்டினதே இல்ல. எம்பொண்ணு சொன்னாத்தான் காதுல விழறதில்லன்னு உங்க அத்தை ஒருநாள் முனகிக்கிட்டிருந்தா, நான் கண்டுக்கல.

கோவிச்சுக்கப்படாது. மாமனார்னா மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்ற உரிமை கிடையாது, எனக்குத் தெரியும். அதனால மாமனாரைத் தள்ளி வையுங்க. இப்ப பேசறது செயின்மேன். ஒரத்தநாடு பக்கம் சர்வேயருக்குப் பின்னால சங்கிலி இழுத்தே தேஞ்ச கால் இது. 66 அடிச் சங்கிலி, நூறு லிங்க்ஸ், பத்து அம்பு. முன்னால போறவன் சங்கிலி முடியுற இடத்துல ஒரு அம்பைக் குத்திட்டுப் போவான். பின்னால வர்றவன் பிடுங்கிக்கிட்டே வருவான். பின்னால வர்றவன் கையில எத்தனை அம்பு இருக்கோ அத்தனை சங்கிலி தூரம் வந்திருக்கோம்னு கணக்கு. சார்ஜ் போட வேண்டியதில்ல. அம்பு தொலைஞ்சா மட்டும் சர்வேயர் வாயில வர்றதைக் கேக்கணும், அவ்வளவுதான் செலவு.

சரி, அந்த மஞ்சக் கருவியை எடுங்க பாப்போம். உள்ளங்கைக்குள்ள அடங்குது. விலை என்னன்னு எம்பொண்ணு எங்கிட்டச் சொல்லல. உங்க அத்தைகிட்டச் சொல்லியிருக்கா. அவ விட்ட பெருமூச்சோட நீளத்தை வச்சு நானே கணக்குப் போட்டுக்கிட்டேன். நல்ல பொருள்தான், குறை சொல்லல. 20,200 கிலோமீட்டர் உசரத்துல அமெரிக்கப் பட்டாளம் சுத்தவிட்டிருக்கிற சேட்டலைட்டுங்க, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு கெடியாரம், அது ஒலிபரப்புற நேரத்தை வாங்கி நாலு பக்கமும் தூரம் கணக்குப் போட்டு, நீ இங்க நிக்கிறேன்னு சொல்லுது. 2000-ம் வருஷம் மே மாசம் வரைக்கும் நம்மளைப் போல சாமானியங்களுக்கு வேணும்னே கலப்படம் பண்ணித்தான் கொடுத்தானாம். 100 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். கிளிண்டன் ஒரு ராத்திரியில அதை நிறுத்தச் சொன்னார். அதுக்கப்புறம் வெட்டவெளியில அஞ்சு பத்து மீட்டருக்குள்ள வந்துடுது. எங்க சர்வேயர் பாத்திருந்தா அழுதிருப்பார்.

ஆனா ஒண்ணு கேக்குறேன், தெரியாமத்தான் கேக்குறேன். நீங்க பள்ளத்துல விழுந்து காலை உடைச்சுக்கிட்டா இந்தக் கருவி யாருக்காவது சொல்லுமா? சொல்லாது. இது காது மட்டும் உள்ள பொருள், வாய் கிடையாது. மேலேருந்து வர்றதைக் கேட்டு உங்களுக்கு மட்டும் சொல்லும். நீங்க எந்த அட்சரேகையில எந்த தீர்க்கரேகையில விழுந்து கிடக்கீங்கன்னு புள்ளி வச்சுத் துல்லியமா உங்களுக்கே காட்டிக்கிட்டிருக்கும். உங்க சிநேகிதர் ஒருத்தர், ஜிபிஎஸ் இருக்குல்ல அங்கிள், போலீஸ் கண்டுபிடிச்சுருவாங்கன்னார். படிச்ச பிள்ளை. நான் காபியைக் குடிச்சுட்டு எழுந்து போயிட்டேன்.

அப்புறம் இந்த நேர்கோடு. கட்டூம்பா எக்கோ பாயிண்ட்ல நின்னு மவுண்ட் சாலிட்டரியைக் குறி வச்சீங்கன்னா இத்தனை கிலோமீட்டர்னு காட்டுது. காக்காய்க்கு அது சரி. நீங்க முதல்ல பாறைச் சுவரோட அடிவாரத்துக்கு இறங்கணும், அப்புறம் காட்டுக்குள்ள நடக்கணும், அப்புறம் முதுகெலும்பு போல நீண்டு கிடக்கிற பாறையில கையும் காலும் வச்சு ஏறணும். மேட்டு நிலத்துல நாங்க அளக்கறப்ப சங்கிலியைச் சரிவோட போட மாட்டோம். ஒருத்தன் தரையில உக்காந்து பிடிப்பான், ஒருத்தன் தலைக்கு மேல தூக்கிப் பிடிப்பான், நடுவுல தொங்காம இழுத்து, படுக்கை நீளம் மட்டும்தான் புத்தகத்துல ஏறும். படம்னா எங்கேயும் அதுதான் வழக்கம். காகிதத்துல ஒரு மைல் போட்டிருந்தா உங்க முழங்காலுக்கு அது எத்தனை மைல்ங்கறது படத்துக்குத் தெரியாது. அதுக்குத்தான் இந்த ஊர் 1:25,000 ஷீட்டுல பழுப்புக் கோடு வளைச்சு வளைச்சுப் போட்டிருக்கான். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 10 மீட்டர் உசரம். கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கருப்பாத் தெரிஞ்சா அங்க கால் வைக்க இடமில்லன்னு அர்த்தம். உங்க கருவித் திரையில தீப்பெட்டி அளவு படத்துல அந்தக் கருப்பு ஒரு மயிரிழை. ஷீட்டை மேஜையில விரிச்சா ஒரு அணை. தஞ்சாவூர்க்காரன் எனக்கே இது புரியுது. எங்களுக்கு மேடுன்னா குளக்கரைதான்.

இதே மலையில வெள்ளைக்காரன் வந்து இருபத்தஞ்சு வருஷம் வழி தெரியாம முட்டிக்கிட்டுக் கிடந்தான். ஆத்தைப் பிடிச்சுப் போனா அந்தப் பக்கம் போயிடலாம்னு உள்ள போறது, செங்குத்துப் பாறை அடியில நிக்கிறது, திரும்பறது. 1813 மே மாசம் பிளாக்ஸ்லாண்ட், லாசன், வென்ட்வொர்த்துன்னு மூணு பேர் பள்ளத்தாக்கை விட்டுட்டு மலைமுதுகைப் பிடிச்சே நடந்தாங்க, கடந்துட்டாங்க. உங்க மளிகைக் கடை இருக்கிற ஊருக்கு அந்தக் குடும்பத்தோட பேர்தான். இன்னிக்கு ரயிலும் பெரிய ரோடும் அந்த முதுகு மேலதான் போகுது. அதுக்கு முன்னாடியே குண்டுங்குரா, தாருக் ஜனங்க ஆயிரக்கணக்கான வருஷமா இந்த மலையில போக வர இருந்திருக்காங்க. மூணு பேரும் சிலையா நிக்கிறாங்க, வழி தெரிஞ்சவங்க பேரை பேத்தி தேடித்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு. அது கிடக்கட்டும். கீழ போனா சிக்கல், முதுகுல இருந்தா வழிங்கறது மட்டும் மனசுல இருக்கட்டும். வழி தப்பிட்டா ஓடையைப் பிடிச்சு இறங்கினா ஊர் வந்துரும்னு நம்ம ஊர்ல சொல்லுவோம். இங்க ஓடை நேரா அருவியாக் குதிக்கும், நீங்களும் கூடவே குதிக்க வேண்டியதுதான்.

படம்னு சொன்னேன் பாருங்க, படத்தைப் பத்தி ஒரு ரகசியம் இருக்கு. சர்க்கார் ரகசியம். எங்க காலத்துல ஒரு சர்வேயர் இருந்தார். வெயில் ஏறிட்டா புளியமரத்தடியை விட்டு நகர மாட்டார். கர்ணத்துக்கிட்டக் கொஞ்சம் கேப்பார், பழைய படத்தைக் கொஞ்சம் பாப்பார், மிச்சத்தை அவர் பென்சிலே முடிவு பண்ணிக்கும். வாய்க்கால் ஓடுறது ஒரு பக்கம், எஃப்.எம்.பி.ங்கற சர்வே படத்துல ஓடுறது இன்னொரு பக்கம். அந்தப் படம் தாலுகா ஆபீஸுக்குப் போய் முத்திரை விழுந்துட்டா முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் வாய்க்கால்தான் தப்பு. எத்தனை பேர் அந்தப் பென்சிலால கோர்ட்டுக்கு நடந்தாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால எவன் படம் கொண்டாந்தாலும் என் முதல் கேள்வி, இதைப் போட்டவன் எந்த மரத்தடியில உக்காந்திருந்தான்.

கம்ப்யூட்டர் படத்துக்கு மரத்தடி கிடையாதுன்னு நினைக்கிறீங்க. 2012 டிசம்பர்ல விக்டோரியா போலீஸ் என்ன சொன்னாங்கன்னு பேத்தியைப் படிக்கச் சொல்லுங்க. மெல்போர்னுக்கு வடமேற்கே 500 கிலோமீட்டருக்கு மேல தள்ளி மில்டூரான்னு ஒரு ஊர், முர்ரே ஆத்தங்கரையில, திராட்சைத் தோட்டமும் ஆரஞ்சுத் தோட்டமுமா. ஆப்பிள் போன்ல புதுசா வந்த படம் அந்த ஊரைத் தூக்கி 70 கிலோமீட்டர் தள்ளி முர்ரே-சன்செட் தேசியப் பூங்கா நடுவுல வச்சுட்டுது. தண்ணி கிடையாது, 46 டிகிரி வெயில் அடிக்கிற இடம். ஜனங்க படத்தை நம்பி ஓட்டிக்கிட்டே போய் மணல்ல மாட்டி, சிலபேர் 24 மணி நேரம் சோறு தண்ணியில்லாம கிடந்து, போன் சிக்னல் கிடைக்கிற இடம் வரைக்கும் நடந்து வந்திருக்காங்க. உயிருக்கே ஆபத்துன்னு போலீஸே அறிக்கை விட்டுச்சு. ஆப்பிள் கம்பெனி அப்புறம் அவசரமா ஊரை எடுத்து ஊர்லயே வச்சுது. எப்படி நடந்துச்சுன்னா, சர்க்கார் ஊர்ப்பேர்ப் பட்டியல்ல ரெண்டு மில்டூரா இருந்துச்சாம். ஒண்ணு ஊர், இன்னொண்ணு மில்டூரா நகராட்சி எல்லை. எல்லைக்கு அடையாளமாப் போட்ட புள்ளி காட்டுக்குள்ள விழுந்திருக்கு. கம்ப்யூட்டர் அந்தப் புள்ளியை எடுத்து இதான் ஊர்னு சொல்லிட்டுது. பாருங்க மாப்ள, புளியமரம்.

அதே வருஷம் மார்ச்சுல பிரிஸ்பேன் பக்கம் இன்னொரு கூத்து. ஜப்பான் சுற்றுலாப் பயணிங்க மூணு பேர் வாடகைக் கார்ல நார்த் ஸ்ட்ராட்பிரோக் தீவுக்குப் போகக் கெளம்பினாங்க. ஜிபிஎஸ் ரோடு இருக்குன்னுது. நடுவுல கடல் இருந்துச்சு. தண்ணி வடிஞ்சு சேறாக் கிடந்த நேரம், இறக்கிட்டாங்க வண்டியை. அப்புறம் தண்ணி ஏறுச்சு. அந்தப் பிள்ளைங்களைப் பாத்துச் சிரிக்காதீங்க. கண்ணு எதிர்ல சமுத்திரம் கிடக்கையில திரையைப் பாத்து நம்புறவன் முட்டாள் இல்ல, ரொம்ப மரியாதைக்காரன். சொல்றவங்க பேச்சை மறுத்துப் பழகாதவன். உங்களைத்தான் சொல்றேன்னு எடுத்துக்க வேண்டாம்.

இதுல வேடிக்கை என்னன்னா, நீங்க நம்புற கூகுள் மேப்புக்குப் பொறந்த ஊரே இந்த சிட்னிதான். வேர் டூ டெக்னாலஜிஸ்னு நாலு பேர் சேந்து வச்ச சின்னக் கம்பெனி. டென்மார்க்லேருந்து வந்த ராஸ்முசன் அண்ணன் தம்பி ரெண்டு பேர், இந்த ஊர் ஆளுங்க ரெண்டு பேர். 2004-ல கூகுள் வாங்கினான், 2005 பிப்ரவரியில உலகத்துக்கு விட்டான். அதே சிட்னியிலேருந்துதான் 2012 நவம்பர்ல யுனிவர்சிட்டி ஆளுங்க, மரியா சீட்டன்னு ஒரு அம்மா தலைமையில, சதர்ன் சர்வேயர்னு ஒரு கப்பல்ல போய், கூகுள் படத்துல இருந்த ஒரு தீவு நிஜத்துல இல்லன்னு கண்டுபிடிச்சாங்க. நியூ கலிடோனியா பக்கம், சாண்டி தீவுன்னு பேரு. படத்துல சுமார் 24 கிலோமீட்டர் நீளம். கப்பல் அது மேலயே போச்சு, அடியில 1,400 மீட்டர் ஆழம் தண்ணி. 1876-ல ஒரு திமிங்கல வேட்டைக் கப்பல்காரன் பாத்தேன்னு சொன்னது, படத்துக்குப் படம் பேத்து எழுதிப் பேத்து எழுதி கம்ப்யூட்டர் வரைக்கும் வந்து சேந்திருக்கு. சர்வேயரோட கப்பல் நிலத்தைக் கண்டுபிடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன், நிலத்தை ரத்து பண்ணிட்டு வந்ததை இங்கதான் கேக்குறேன்.

நிலம்னதும் ஞாபகம் வருது. நம்மூர்ல ராத்திரியோட ராத்திரியா எல்லைக்கல்லு நகரும், அதுக்குப் பஞ்சாயத்து உண்டு. இந்த ஊர்ல நாடே நகருது, கேக்க நாதியில்ல. வருஷத்துக்கு சுமார் 7 சென்டிமீட்டர், வடகிழக்குப் பக்கமா. 1994-ல போட்ட கணக்கும் 2020-ல போட்ட கணக்கும் 1.8 மீட்டர் வித்தியாசப்பட்டுப் போச்சுன்னு சர்க்காரே புதுசா கணக்கைத் திருத்தியிருக்கு. 1.8 மீட்டருக்கு நீங்க கவலைப்பட வேண்டாம், அது எங்களைப் போல வரப்புத் தகராறு ஆளுங்களுக்கு. ஆனா உங்க சிநேகிதர் யாரோ ரிட்டயர்டு வாத்தியார்கிட்ட இரவல் வாங்கிட்டு வந்தாரே ஒரு பழைய ஷீட்டு, மூலையில சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா? ஏ.ஜி.டி. 66. அது 1966-ல போட்ட கணக்கு. உங்க கருவி பேசறது இன்னொரு கணக்கு. அந்த ஷீட்டுல எண்ணைப் படிச்சுக் கருவியில தட்டினா சுமார் 200 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தும். வயக்காட்டுல 200 மீட்டர் தள்ளி நின்னா அடுத்தவன் நெல்லு. அங்க 200 மீட்டர் தள்ளினா பாறை விளிம்புக்கு அந்தப் பக்கம், நெல்லும் கிடையாது தரையும் கிடையாது. கருவிக்குள்ள செட்டிங்ஸ்ல டேட்டம்னு ஒண்ணு இருக்கு. காசு கொடுத்து வாங்கினவர் நீங்க, அதைத் திறந்து பாத்தவன் நான், எந்த நியாயத்துல சேரும் இது?

நான் ஊருக்குத் திரும்புறப்ப ஞாபகமா என் பித்தளைக் காம்பஸை எடுத்துட்டுப் போயிடுறேன், உங்க சிநேகிதருக்கு இரவல் தர மாட்டேன். கஞ்சத்தனம் இல்ல. பாருங்க, மூடியைத் திறக்குறேன். முள்ளு சுத்தாம ஒரு பக்கமாச் சாஞ்சு கண்ணாடியில உரசுது. ஊர்ல மட்டமா நின்ன முள்ளுதான். தஞ்சாவூர்ல பூமியோட காந்தம் கிட்டத்தட்டப் படுக்கையா ஓடுது, இங்க ரொம்பச் சரிவாப் பாயுது, முள்ளோட தெக்கு முனையைக் கீழ இழுத்துடுது. இந்த ஊருக்குன்னு எடை சரிபண்ணின முள்ளுதான் இங்க வேலைக்கு ஆகும். அதுவும் காட்டுறது நேர் வடக்கு இல்ல, கிழக்கால 12, 13 டிகிரி தள்ளி. ஊர்ல ஒண்ணு ரெண்டு டிகிரி, நாங்க கண்டுக்கவே மாட்டோம். இங்க கண்டுக்காம ஒரு கிலோமீட்டர் நடந்தா 200 மீட்டருக்கு மேல விலகியிருப்பீங்க.

போன வாரம் பால்கனியில நின்னு கைக்கெடியாரத்தை வச்சு சின்னவளுக்குத் திசை காட்டிக்கிட்டிருந்தீங்களே, மணி முள்ளைச் சூரியனுக்கு நேரா பிடிச்சு, நடுவுல இருக்கிறது தெக்குன்னு. யூட்யூப்ல பாத்ததுதானே? அது லண்டன்காரன் போட்டது. இங்க உச்சிவேளைச் சூரியன் வடக்கே நிக்கும். 12-ங்கற எண்ணைச் சூரியனுக்கு நேரா பிடிக்கணும், அதுக்கும் மணி முள்ளுக்கும் நடுவுல இருக்கிறது வடக்கு. நீங்க காட்டினபடி போயிருந்தா சின்னவ எங்க போய்ச் சேர்ந்திருப்பாளோ தெரியாது. நான் அப்ப வாயைத் திறக்கலை, பிள்ளைகிட்ட அப்பாவோட மரியாதை முக்கியம். ராத்திரியில துருவ நட்சத்திரத்தைத் தேடாதீங்க, அது பூமியோட வளைவுக்கு அந்தப் பக்கம் ஊர்லயே தங்கிட்டுது. 

போன் வேற வச்சிருக்கீங்க, ரெண்டு வேற. போன்ல ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்ல, அது சரி. ஆனா படத்தை வீட்டுலயே இறக்கி வைக்காம போனா, வெள்ளைத் தாள்ல நீலப்புள்ளி ஒண்ணு மினுக் மினுக்குன்னு நிக்கும், நீங்க அதைப் பாத்துக்கிட்டே நிக்கலாம். பள்ளத்தாக்குல டவர் கிடைக்காது. காணாமப் போன கன்னுக்குட்டியைத் தேடுற பசு மாதிரி போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீத்துடும். ஏரோபிளேன் மோடுல போட்டு வையுங்க, ஜிபிஎஸ் அப்பவும் ஓடும். பாறைச் சுவர் ரெண்டு பக்கமும் எழும்பி நிக்கிற இடத்துல சேட்டலைட்டும் பாதி மறைஞ்சு போகும், மீதி பாறையில மோதித் திரும்பி வரும், அப்ப கருவி உங்களை ஓடைக்கு அந்தக் கரையில காட்டும். சண்டை போடாதீங்க. கொஞ்சம் வெட்டவெளிக்கு வந்து மறுபடி பாருங்க.

இனிமே சொல்றதுல கேலி இல்ல. 2006 டிசம்பர்ல, நீங்க போற இதே மவுண்ட் சாலிட்டரி பக்கம், சிட்னிப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன், 17 வயசு, ரெண்டு சிநேகிதங்களோட போனவன், தண்ணி தீர்ந்து தனியாப் பிரிஞ்சுட்டான். போன்ல அவசர நம்பர் 000 கிடைச்சுது. திரும்பத் திரும்பப் பேசியிருக்கான். எங்க இருக்கேன்னு சொன்னான், வழி தப்பிட்டேன், தண்ணியில்லன்னான். அந்தப் பக்கத்துல இருந்தவங்க தெருப்பேரு என்னன்னு கேட்டிருக்காங்க. காட்டுல இருக்கிற பிள்ளைகிட்ட. அவங்க கம்ப்யூட்டர்ல தெரு எழுதுற கட்டம் காலியா இருந்தா மேல நகராதாம். பையன் உயிரோட திரும்பலை. 2009-ல விசாரணை நடந்து நீதிபதி கடுமையாப் பேசினார். இப்ப எமர்ஜென்சி பிளஸ்னு ஒரு ஆப் இருக்கு, நீங்க நிக்கிற இடத்தோட எண்ணைத் திரையில காட்டும், 000 ஆளுகிட்ட அப்படியே படிக்கலாம். போன்ல போட்டாச்சா? உங்க நாலு சிநேகிதங்க போன்லயும் போடச் சொல்லுங்க. உங்க கம்பெனி டவர் இல்லாட்டியும் வேற கம்பெனி டவர் எட்டுச்சுன்னா 000 போகும். எதுவுமே எட்டலைன்னா போகாது.

அதுக்குத்தான் வாய் உள்ள கருவி ஒண்ணு. பி.எல்.பி.ங்கறாங்க. சோப்புக்கட்டி அளவு. படம் கிடையாது, திசை காட்டாது, பாட்டுப் பாடாது. ஒரே பொத்தான். அமுக்கினா 406 மெகாஹெர்ட்ஸ்ல மேல சேட்டலைட்டுக்குக் கத்தும், குறைஞ்சது 24 மணி நேரம் நிறுத்தாம கத்தும், கான்பெராவுல இருக்கிற மீட்பு மையத்துல காதுல விழும். கட்டூம்பா போலீஸ் ஸ்டேஷன்லயும் பிளாக்ஹீத் தேசியப் பூங்கா ஆபீஸ்லயும் காசில்லாம இரவல் தர்றாங்க. மாப்ள, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா ஓசியில பொருள் கொடுத்து அனுப்புற தேசத்துக்கு வந்திருக்கீங்க, அனுபவிக்க வேணாமா? உங்க மூட்டையில எத்தனையோ இருக்கு, இது மட்டும் இல்ல. காபிக்கொட்டை அரைக்கிற மிஷின் எதுக்கு மாப்ள?

மூட்டையைப் பத்தி இந்த ஊர்க்காரங்களுக்கே ஒரு பழைய கதை இருக்கு. 1860 ஆகஸ்ட் 20. மெல்போர்ன் ராயல் பார்க்குலேருந்து பர்க்னு ஒருத்தன் தலைமையில, வில்ஸ்னு இன்னொருத்தனும் சேந்து ஒரு கூட்டம் கண்டத்தைக் குறுக்கால கடந்து வடகடல் பாக்கப் புறப்பட்டுச்சு. ஊரே திரண்டு வழியனுப்பினாங்க. 20 டன் சாமான். நம்ம தேசத்துலேருந்து கப்பல்ல கொண்டாந்த ஒட்டகம். தேவதாரு பலகை போட்ட ஓக் மேஜை, நாற்காலி, வாணவெடி, சீனத்துச் சேகண்டி. காட்டுல யாருக்கு அடிச்சுக் காட்ட சேகண்டின்னு கேக்குறீங்க, நான் உங்க காபி மிஷினை இன்னொரு தடவை பாக்குறேன். வழி தப்புச்சா? கிடையாது. வில்ஸ் சர்வே படிச்சவன், கருவி வச்சு நட்சத்திரம் பாத்து எங்க இருக்கோம்னு கணக்கா எழுதிக்கிட்டே வந்தான். போனாங்க, வடக்கு ஓரத்தைத் தொட்டாங்க, திரும்பினாங்க. நடுவழியில கூப்பர் ஓடையில கொஞ்சம் பேரை விட்டுட்டுப் போயிருந்தாங்க, மூணு மாசம் பாருன்னு. அவங்க நாலு மாசத்துக்கு மேல பாத்தாங்க. 1861 ஏப்ரல் 21 காலையில சலிச்சுப்போய் கூடாரத்தைப் பிரிச்சுக் கெளம்பினாங்க. அன்னிக்குச் சாயங்காலம் பர்க்கும் வில்ஸும் கிங்னு இன்னொருத்தனும் வந்து சேந்தாங்க. அடுப்புச் சூடு ஆறலை.

இதுக்கே வருத்தப்படாதீங்க, இன்னும் இருக்கு. மரத்துல தோண்டுன்னு வெட்டி எழுதி, அடியில சோறு புதைச்சு வச்சிருந்தாங்க. இவங்க தோண்டி எடுத்துக்கிட்டு, ஒரு கடுதாசியை உள்ள வச்சு, முன்ன இருந்தபடியே மண்ணை மூடிச் சமனாக்கி வச்சுட்டு வேற திசையில நடந்தாங்க. மரத்துல புதுசா ஒரு கீறல் போடலை. ரெண்டு வாரம் கழிச்சு மத்தவங்க மனசு கேக்காம திரும்ப வந்து பாத்தாங்க. மண்ணு கலையாம கிடக்கு, மரத்துல பழைய எழுத்து. யாரும் வரலைன்னு நினைச்சுப் போயிட்டாங்க. பர்க்கும் வில்ஸும் பசியில செத்தாங்க. கிங் மட்டும் பிழைச்சான், அந்த ஓடைக்கரையில குடியிருந்த யந்த்ருவந்தா ஜனங்க சோறு போட்டு வச்சிருந்ததால. எங்க இருக்கோம்னு வில்ஸுக்குக் கடைசி நாள் வரைக்கும் தெரிஞ்சே இருந்துச்சு மாப்ள. காத்திருக்கிறவங்களுக்குத்தான் தெரியலை.

அதனால இந்தக் காகிதத்தைப் பிடிங்க. பேத்தி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தா. எந்த வழியாப் போறோம், எத்தனை பேர், எந்த ராத்திரி எங்க தங்குறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், யாரு காத்திருக்கிறதுன்னு எழுதணும். தேசியப் பூங்கா வலைப்பக்கத்துலயும் இதையே எழுதிக் கொடுக்கலாம், பேத்தி கொடுத்துடுவா. காத்திருக்கிற ஆளுன்னு என் பேரைப் போடுங்க. எம்பொண்ணு பேரைப் போட்டா அவ நீங்க கெளம்பின பத்தாவது நிமிஷம் போலீஸுக்குப் போன் போட்டுடுவா. உங்க சிநேகிதர் பேரைப் போட்டா அவர் ஜிபிஎஸ் இருக்குல்லன்னு தூங்கிடுவார். ஞாயித்துக்கிழமை ஆறு மணின்னு எழுதினா ஆறு மணி. வழியில பதிவுப் புத்தகம் வச்சிருந்தா கையெழுத்துப் போடுங்க. வழியை மாத்தினா, புதுசா ஒரு கீறல். போற வழியில அப்பப்பத் திரும்பி நின்னு வந்த வழியைப் பாத்துக்குங்க, திரும்பி வர்றப்ப மரமெல்லாம் வேற முகத்தைக் காட்டும். போட்டோ எடுக்கத் திரும்புறது கணக்குல வராது, அப்ப உங்க மூஞ்சிதான் மறைக்கும்.

கருவி உடைஞ்சா என்ன பண்றதுன்னு கேட்டா ரெண்டாவது போன் இருக்குங்கறீங்க. லாம்டன் துரைன்னு ஒருத்தர், 1802-ல பரங்கிமலை பக்கம் கோடு போட்டு இந்தியாவையே அளக்க ஆரம்பிச்சவர். 1808-ல எங்க தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்து மேல அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏத்தினார். கயிறு விட்டுப்போய்க் கருவி கோயில் சுவர்ல மோதி நசுங்கிப் போச்சு. மனுஷன் ஆறு வாரம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து தானே ஒவ்வொரு பாகமாத் தட்டி நிமித்தினார். உங்களை அப்படிச் செய்யச் சொல்லலை. வீட்டுல குழாய் சொட்டினதுக்கே மூணு வீடியோ பாத்தீங்க. அந்த ஷீட்டு, புது ஷீட்டு, ஒண்ணு காசு கொடுத்து வாங்கி பிளாஸ்டிக் உறையில போட்டு மேல் சட்டையில வையுங்க. கீழ விழுந்தா மடங்கும், அவ்வளவுதான் அதுக்கு வர்ற நோய்.

கருவிக்கு உபரியா ரெண்டு பென்சில் செல் வச்சிருக்கேன்னீங்களே, அதைக் காட்டுங்க. ம். இது எங்க இருந்ததுன்னு எனக்குத் தெரியும். ரிமோட்டுக்கும் அதே சைஸு. ஏற்கெனவே பாதி உசுருதான் அதுல, சத்தத்தைக் கூட்டவே ரெண்டு தடவை அமுக்க வேண்டியிருக்கு. கடை சாத்துறதுக்குள்ள போய் லித்தியம் செல்லா நாலு வாங்கிட்டு வாங்க, குளிர் தாங்கும். அதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் இருந்த இடத்துல போட்டுடுங்க. சீரியலுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கு, உங்க அத்தை குளிச்சுக்கிட்டிருக்கா. நான் ஒண்ணும் சொல்லலை.